உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார்கள்

மனநலக் கவுன்சலருக்கு ஒரு சின்னப் பிரச்சினை. அவளிடம் மனக்குறை சொல்ல வருகிறவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள்.

ஒருவர் இருவர் என்றால் விட்டுத் தள்ளலாம். வருகிறவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். துணிக்கடையின் துண்டுப் பிரிவுப் பெண், மெத்தை உறைப் பிரிவுக்காரர், பில் போட்ட துணியைப் பையில் போட்டுக் கொடுக்கிறவர், எல்லாரும் ஒரே மாதிரி. கதவைத் தட்டுவார்கள். "உள்ள வரலாங்களா மேடம்?" என்பார்கள். சோபாவில் உட்காருவார்கள். "சொல்லுங்க, இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" என்று அவள் கேட்பாள். யோசிக்கிறவர்கள்போல் கண்ணை மூடுவார்கள். அவ்வளவுதான். சிலர் வாயைத் திறந்துகொண்டு, சிலர் கன்னத்தில் கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு. மெத்தை உறைக்காரர் மட்டும் குறட்டையோடு.

வருஷக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். வருகிறவர் அழுதால் என்ன செய்வது, கத்தினால் என்ன செய்வது, பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது, பொய் சொன்னால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் பாடம் இருந்தது. தூங்கினால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகம் எழுதியவர்களிடம் வந்தவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் அவள் ஒழுங்காக யோசிக்கிறவள். ஒரு மிக்ஸி ஓடவில்லை என்றால் என்ன செய்வோம்? பிளக்கைப் பார்ப்போம், ஒயரைப் பார்ப்போம், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்போம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதில் கோளாறு என்று தெரியாமல் போய்விடும். அதனால் முதலில் பல்பை மட்டும் மாற்றினாள். மஞ்சள் வெளிச்சம் போய் வெள்ளை வெளிச்சம் வந்தது. வெள்ளை வெளிச்சத்தில் தூங்கினார்கள். அடுத்தது குரல். தன் குரலில் தாலாட்டு ஏதும் கலந்திருக்கிறதோ என்று போனில் பதிவுசெய்து வீட்டில் போட்டுக் கேட்டாள். "யாருடி இது, இவ்வளவு பொறுமையாப் பேசறா?" என்றாள் அம்மா. ஆகவே குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டாள். கரகரப்பிலும் தூங்கினார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். கீழே தெருவில் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவர்கள் அசையவில்லை. மூலையில் இருந்த தொட்டிச் செடிமேல்கூடச் சந்தேகம் வந்து அதை வராந்தாவில் கொண்டுபோய் வைத்தாள். செடி வாடியதுதான் மிச்சம்.

மாற்றாமல் விட்டது சோபாவை மட்டும். அது புதுசு.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இது ஆழ்மனத் தவிர்ப்பு. மனசுக்குள் ஒரு பழைய காயம் இருக்கிறது. யாராவது அதன் பக்கத்தில் போனால் மனசு ஓடப் பார்க்கிறது. ஓட இடமில்லாதபோது தூங்கிவிடுகிறது. கேட்கவே அழகாக இருந்தது. அழகான விளக்கத்தில் ஒரே சிக்கல்தான்: அது கிடைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்கத் தோன்றாது.

அவள் வேலை பார்த்தது நான்கு மாடித் துணிக்கடையில். உடுத்துகிற துணி இல்லை, வீட்டுக்கான துணி: திரைச்சீலை, படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை. கடையின் அமைப்பை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் இடுப்பு உயரத்துக்கு நீளமான கவுண்டர். அதற்கு இந்தப் பக்கம் வாடிக்கையாளருக்கு மெத்தை தைத்த வட்ட ஸ்டூல்கள். அந்தப் பக்கம், கவுண்டருக்கும் அலமாரிக்கும் நடுவில், ஒரு ஆள் திரும்புகிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்தில் விற்பனைப் பெண்கள் கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை நிற்பார்கள். சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. சாய்வதும் கூடாது, சாய்ந்தால் அடுத்தது உட்காருவார்கள் என்று கடைக்கு அனுபவம்.

"உக்காந்திருக்கிற ஆளைப் பாத்தா வாங்க வந்தவனுக்கு வாங்கவே தோணாது," என்பது முதலாளியின் நம்பிக்கை. இதை அவர் எப்போதும் தன் சுழல் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு விளக்குவார்.

விதியை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்ள கேமரா இருந்தது. கேமராவுக்கு எட்டாத இடங்களுக்குக் கொக்கு இருந்தார். கொக்கு என்பது மாடிக் கண்காணிப்பாளருக்குப் பெண்கள் வைத்த பெயர். ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் நாற்காலி கிடையாது. அதனால் மற்றவர்கள்மேல் அவருக்குக் கூடுதல் அக்கறை.

ஒருநாள் தலையணை உறைப் பிரிவில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நல்லவேளையாக உறைக் குவியல்மேலேயே விழுந்தாள். கெட்டவேளையாக ஒரு வாடிக்கையாளர் அதை வீடியோ எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. முதலாளி பதறிப்போனார். வீடியோ எடுத்தது யார் என்று முதலில் கேட்டார். அது தெரியாது என்றதும், விழுந்தது ஏன் என்று யோசித்தார். பெண்களுக்கு மனத்திடம் போதவில்லை என்று தெரிந்தது. அந்த வாரமே மூன்றாம் மாடியில் ஒரு ஸ்டாக் ரூமைக் காலிசெய்து, வெளிர் நீல வண்ணம் அடித்து, சோபா போட்டு, கவுன்சலரை வேலைக்கு வைத்தார்கள். படிக்கட்டுச் சுவரில் சிரித்த முகத்தோடு ஒரு போஸ்டர்: 'மனசு லேசானால் எல்லாம் லேசு.' சும்மா சொல்லக் கூடாது, போஸ்டர் நல்ல காகிதத்தில் அடித்தது.

இந்த நிலைமையில்தான் மேனேஜர் மின்னலை அழைத்துக்கொண்டு வந்தார்.

திரைச்சீலைப் பிரிவில் மூத்த விற்பனைப் பெண் மின்னல். துணிச் சுருளை எடுத்து ஒரு உதறு உதறினால் அது காற்றில் அலையாக எழுந்து, வாடிக்கையாளரின் மூக்குக்கு எதிரே மெல்ல இறங்கிப் படியும். அந்த வேகத்துக்காக வந்த பெயர். அப்படிப்பட்டவள் முந்தின நாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஒரு சுருள்மேல் உட்கார்ந்துவிட்டாள். கொக்கு பார்த்துவிட்டார். எழுந்திரு என்றதற்கு, "முடியலைங்க, கொஞ்சம் இருங்க," என்று சொல்லியிருக்கிறாள். கடையின் சரித்திரத்தில் இல்லாத பதில் அது.

"நடத்தைக் கோளாறு மேடம்," என்றார் மேனேஜர், மின்னல் அங்கே இல்லாததுபோல். "முதலாளி உடனே அனுப்பச் சொன்னாரு. நான்தான், நம்மகிட்ட மனநலத் திட்டம் இருக்கேன்னு தடுத்தேன். இந்த மாசக் கடைசிக்குள்ள இவங்களச் சரி பண்ணுங்க. சரியாயிட்டாங்கன்னு நீங்க சொன்னா வேலை இருக்கு. இல்லைன்னா வீட்டுக்குப் போகட்டும். நம்ம ஸ்டாஃப் எல்லாம் ஒரே குடும்பம், உங்களுக்கே தெரியும்."

குடும்பத்திலிருந்து அனுப்பப்பட இருந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு நர்சிங் படிக்கிற மகள் ஒருத்தி. வீட்டில் சம்பாதிக்கிற கை இவளுடையது மட்டும். கவுன்சலரின் ஒரு சொல்லில் அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டும், அல்லது அணைய வேண்டும். படிக்கிற காலத்தில் இதற்கும் பாடம் இருக்கவில்லை.

முதல் தடவை மின்னல் சோபாவில் உட்கார்ந்து, "நான்..." என்று தொடங்கி, தூங்கிவிட்டாள். இரண்டாம் தடவை கவுன்சலர் விடவில்லை. கண் செருகும்போதெல்லாம் கேள்வி கேட்டாள்.

"உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க."

"கால் வலி மேடம்."

"கால்." கவுன்சலர் தலையாட்டினாள். "காலுங்கறது நம்மள ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது. உங்க கால் உங்கள எங்க கூட்டிட்டுப் போக நினைக்குது?"

மின்னல் மரியாதையாக யோசித்தாள். "பஸ் ஸ்டாப்புக்கு."

"அதுக்கப்புறம்?"

"பஸ்ல சீட்டு கிடைச்சா வீட்டுக்கு."

"கிடைக்கலைன்னா?"

"அப்பவும் வீட்டுக்குத்தான் மேடம். நின்னுகிட்டே."

கவுன்சலர் வேறு பக்கமாக வந்தாள். "சின்ன வயசுல உங்கள யாராவது நிக்க வச்சுத் தண்டிச்சிருக்காங்களா?"

"கணக்கு டீச்சர் ஒருநாள் பெஞ்சு மேல நிக்க வச்சாங்க."

கவுன்சலரின் முகம் பிரகாசமானது. "அப்ப அந்தக் காயம்தான் இன்னும்..."

"காயமெல்லாம் இல்லைங்க. பீரியடு முடிஞ்சதும் உக்காரச் சொல்லிட்டாங்களே."

கடைசியாக அவளுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள் கவுன்சலர். கால் வலிக்கும்போது கண்ணை மூடி, தன்னை ஒரு மரமாக நினைத்துக்கொள்ள வேண்டும். பாதத்திலிருந்து வேர் இறங்குகிறது, மூச்சு மெல்ல உள்ளே போகிறது.

"கண்ணை மூடினா கொக்கு பாத்துருவாரே மேடம்."

"அப்ப கண்ணைத் திறந்துகிட்டே மரமா இருங்க."

"சரிங்க," என்றாள் மின்னல். கடை மரமாக இருக்கச் சொல்லித்தான் சம்பளம் கொடுக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கவுன்சலர் அதையும் ஒரு குறியீடாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

இதற்கிடையே நீல அறையின் புகழ் பரவிவிட்டது. வராந்தாவில் வரிசை நின்றது. துண்டுப் பிரிவுக்கு மனசு சரியில்லை, விரிப்புப் பிரிவுக்கு மனசு சரியில்லை. மேனேஜருக்குத் தலை சுற்றியது.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல மனசு சரியில்லைன்னா கடையை யாரு மேடம் பாக்கறது?" என்று வந்து நின்றார். யோசனையும் அவரே கொண்டுவந்திருந்தார். வெளியூர்ப் பெரிய கம்பெனிகளில் மீட்டிங்கெல்லாம் நின்றுகொண்டே நடத்துகிறார்களாம், பேச்சு வளராதாம், மூளை சுறுசுறுப்பாக இருக்குமாம். "நம்மளும் நின்னுகிட்டே கவுன்சலிங் வச்சுக்கலாம்."

சோபா முதலாளியின் அறைக்கு வெளியே, பார்க்க வருகிறவர்களுக்காகப் போயிற்று. கவுன்சலரின் நாற்காலியையும் தூக்கினார்கள்.

"அது என் நாற்காலி சார்."

"நீங்க உக்காந்து, அவங்க நின்னா, சமத்துவம் இல்லையே மேடம்," என்றார் மேனேஜர், மனம் நொந்து. "உங்க படிப்புல சமத்துவம்தான முக்கியம்?"

அப்படியாக அந்தக் கடையில் முதல்முறையாகச் சமத்துவம் வந்தது. அதற்காக ஒரு நாற்காலியைத்தான் இழக்க வேண்டியிருந்தது.

மறுநாள் நீல அறைக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? எல்லாருக்கும் மனசு சரியாயிடுச்சு!" முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பாராட்டும் வாங்கினார்.

கவுன்சலர் வெறும் அறையில் நின்றாள். தரையில் உட்காரலாம்தான், ஆனால் கதவில் கண்ணாடி பதித்திருந்தார்கள், கொக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார். படித்தவள் தரையில் உட்கார்ந்தாள் என்று பேச்சு வருமே என்று நின்றாள். முதல் நாள் சாயங்காலம் தலை வலித்தது. அடுத்த நாள், "வணக்கம் மேடம்," என்று சொன்ன கொக்கிடம் எரிந்து விழுந்தாள். அதற்கடுத்த நாள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க வேண்டுமே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பேனாவுக்காக.

இது சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். எப்போதும் சோர்வாக இருக்கிறதா? ஆமாம். சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வருகிறதா? ஆமாம். எதிலும் நாட்டமில்லையா? பேனாவில்கூட இல்லை. அவளுடைய விளக்கப்படி இதற்குப் பின்னால் ஒரு பழைய காயம் இருந்தாக வேண்டும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே தன் சின்ன வயசு முழுவதையும் துழாவினாள். தங்கச்சிக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அவளே நேர்மையாக ஒப்புக்கொண்டாள்: இந்தத் தலைவலிக்கு அந்தச் சைக்கிள் பத்தாது.

வீட்டில் அந்தத் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூடத்தில் நடுநாயகமாக நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூல் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, அதன்மேல் இரண்டு காலையும் வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துக் கத்தினாள்.

"அய்யய்யோ அக்கா, உன் காலைப் பாரு! வார் போட்ட இடமெல்லாம் பள்ளம் விழுந்திருக்கு. எனக்கு ஏழாவது மாசம். உனக்கு எத்தனாவது?"

"வாயை மூடுடி."

"அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாளெல்லாம் நின்னா கால் வீங்கத்தான் செய்யும். டாக்டர் இவகிட்ட அதைத்தான சொன்னாரு? நிக்காத, உக்காரு, காலைத் தூக்கி வைன்னு."

கவுன்சலர் சுவரோரமாகத் தரையில் சரிந்தாள். "மூச்சுப் பயிற்சி எதுவும் சொல்லலையா?"

"கால் வீங்கினதுக்கு எதுக்குக்கா மூச்சு?" என்றாள் தங்கச்சி.

"மரமா நினைச்சுக்கச் சொல்லலையா?"

அம்மாவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மா, இவளுக்கு முதல்ல ஏதாவது சாப்பிடக் குடு," என்றாள் தங்கச்சி. அதற்குள் கவுன்சலர் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. விஷயம் எளிமையானது, ஆனால் அழகானது. இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்புவது சுலபம்; இறக்கம்தானே. திரும்ப மேலே ஏற்றுவதுதான் பாடு. அதற்கு உடம்பு கெண்டைக்காலில் ஒரு பம்பு வைத்திருக்கிறது. நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி, நடுவில் ஓடும் நாளங்களைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. கீழே திரும்பிவிடாதபடி நாளத்துக்குள் குட்டிக் குட்டிக் கதவுகள், மேல்பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி. நடந்தால் பம்பு ஓடும். உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தால் பம்புக்கு வேலையே குறைவு. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மட்டும் பம்பும் நிற்கிறது, ஏற்றமும் அப்படியே இருக்கிறது. ரத்தம் காலில் தேங்குகிறது, கால் வீங்குகிறது, மேலே தலைக்குப் போவது குறைகிறது. தலை வலிக்கிறது, எரிச்சல் வருகிறது, மயக்கம் வருகிறது. அந்த உடம்பை ஒரு சோபாவில் உட்கார வைத்து, உன் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டால், ஓடுவது ரத்தம்தான். அது ஓட ஆரம்பித்த நிம்மதியில் ஆள் தூங்கிவிடுகிறார்.

அவள் மாற்றிப் பார்க்காமல் விட்ட ஒரே பாகம் சோபா. அதை மேனேஜர் மாற்றிவிட்டார். சோபா இருந்தது, ஆட்கள் வந்தார்கள். சோபா போயிற்று, ஆட்களும் போனார்கள். ஆக, சோதனையை ஒழுங்காகச் செய்து முடித்தவர் அவர்தான். முடிவைத்தான் தலைகீழாகப் படித்துவிட்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரிடம் போனாள்.

"சார், எல்லாப் பிரிவுலயும் பொண்ணுங்களுக்கு ஸ்டூல் போடணும். மின்னலுக்கு வேற ஒண்ணும் இல்லை."

மேனேஜர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்டூல் ஃபர்னிச்சர் மேடம். நீங்க மனசு. மனசுக்குன்னா எவ்வளவு வேணாலும் செலவு பண்ணலாம்னு முதலாளி சொல்லியிருக்காரு. ஃபர்னிச்சருக்குன்னு கேட்டா என்னையும் அனுப்பிருவாரு."

இதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. கதவு பூட்டியிருக்கிறது, ஆனால் பக்கத்து ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. "அப்ப மனசுக்காகவே கேக்கறேன் சார். இது ஒரு சிகிச்சை. இருக்கைச் சிகிச்சை. மன அழுத்தம் இருக்கறவங்க அப்பப்ப உக்காந்து எந்திரிக்கணும்."

மேனேஜர் நிமிர்ந்தார். "இருக்கைச் சிகிச்சை! பேரு நல்லாருக்கே. போஸ்டர் அடிக்கலாமா?"

"அடிக்கலாம்."

"ஆனா ஒண்ணு. எல்லாரும் உக்காந்துட்டா அது சிகிச்சை இல்லை, சோம்பேறித்தனம். யாருக்கு மனநோய் இருக்குன்னு நீங்க எழுதிக் குடுக்கறீங்களோ அவங்களுக்கு மட்டும். மின்னல்லயே ஆரம்பிங்க."

கவுன்சலர் துள்ளிக் குதிக்காத குறையாகத் திரைச்சீலைப் பிரிவுக்கு இறங்கினாள். கொக்கு அந்தக் கோடிக்குப் போகிறவரை காத்திருந்து, மின்னலிடம் விஷயத்தைச் சொன்னாள். மின்னல் சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"எனக்குப் பைத்தியம்னு எழுதுவீங்களா மேடம்?"

"பைத்தியம்னு இல்லைங்க. மன அழுத்தக் கோளாறுன்னு."

"எனக்கு வலிக்கிறது கால்தான? நான் முதல் நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க," என்றாள் கவுன்சலர். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க அவளுக்குத் தெம்பில்லை. "ஆனா இப்படி எழுதினாத்தான் ஸ்டூல் கிடைக்கும். வேலையும் தங்கும்."

"இன்னைக்குத் தங்கும்." மின்னல் சுருளை அலமாரியில் செருகினாள். "நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டா, இவளுக்குத்தான் மனநோய் ஆச்சே, எழுதிக் குடுத்திருக்காங்களேன்னு அதே எழுத்தைக் காட்டி அனுப்புவாங்க. அப்புறம் வேற எந்தக் கடையில சேப்பாங்க? என் பொண்ணைப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன சொல்வாங்க? அம்மாவுக்கு மண்டைல கோளாறாமே, பொண்ணுக்கும் இருக்குமோன்னு கேக்க மாட்டாங்களா? ஒரு முக்காலிக்காக என் தலையெழுத்தை எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"உக்காரணும்னா வேற வழி இல்லைங்க. இவங்க நோயாளிக்குத்தான் குடுப்பாங்க."

"அப்ப நான் நின்னுக்கறேன் மேடம்." சொல்லிவிட்டு, கோபம் தாங்காமல் இன்னும் ஒன்று சொன்னாள். "யாருக்காவது நோய் இருந்தே ஆகணும்னா எங்களை விட்டுருங்க. இந்தக் கடையில வேற ஆளே இல்லையா? தினம் இத்தனை பேரு வந்து போறாங்களே, அவங்களுக்குப் பாருங்க."

கவுன்சலர் கவுண்டரின் இந்தப் பக்கம், வாடிக்கையாளருக்கான வட்ட ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். மின்னலின் முகம் எங்கேயோ உயரத்தில் இருந்தது. மோவாய்தான் முதலில் தெரிந்தது. கழுத்தை அண்ணாந்தால்தான் கண் தெரிந்தது.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

"நிக்கறதுதான மேடம் வேலையே."

"இப்ப என்னை வாடிக்கையாளர்னு நினைச்சுக்குங்க. எதாவது காட்டுங்க."

மின்னல் ஒரு சுருளை உதறினாள். துணி மேலேயிருந்து கவுன்சலரின்மேல் இறங்கியது. அவளையறியாமல் பின்னால் சாய்ந்தாள். நிற்கிறவர் உட்கார்ந்திருப்பவரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது பரீட்சை ஹால் மாதிரிதான். சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடத் தோன்றும். "ரெண்டு சுருளை அடுக்கி அதுமேல உக்காருங்க," என்றாள் கவுன்சலர்.

"கொக்கு..."

"நான் சொல்லிக்கறேன். உக்காருங்க."

மின்னல் உட்கார்ந்தாள். இரண்டு பேரின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தது. கழுத்து வலி இல்லை. கவுன்சலருக்கு அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

மேனேஜரிடம் அவள் இரண்டாம் முறை போனபோது முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டாள்.

"சார், நம்ம வாடிக்கையாளர்களுக்கு மனசு சரியில்லை."

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். விற்பனைப் பெண் மயங்கி விழுந்தபோது அவர் முகத்தில் இந்தப் பதற்றம் இல்லை. "என்ன மேடம் சொல்றீங்க? என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"உக்காந்திருக்கறவங்களை ஒருத்தர் மேலேருந்து பாத்துகிட்டே நின்னா உள்ளுக்குள்ள படபடப்பு வரும். சீக்கிரம் எந்திரிச்சுப் போயிரணும்னு தோணும். நீங்களே கீழ வந்து உக்காந்து பாருங்க."

மேனேஜர் கீழே போய் வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். மின்னலை நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், மறுபடி நிற்கச் சொன்னார். மூன்றாம் தடவை அவருக்கே படபடப்பு வந்துவிட்டது.

"அடப்பாவமே! இத்தனை வருஷமா வாடிக்கையாளரை இப்படியா கஷ்டப்படுத்தியிருக்கோம்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். திரைச்சீலைப் பிரிவில் உடனே ஸ்டூல் போட்டுச் சோதிக்க உத்தரவாயிற்று. அன்றைக்கு ஜன்னல் திரை வாங்க வந்த ஒரு அம்மா, மின்னலோடு கண்ணுக்குக் கண் உட்கார்ந்து பேசி, வாசல் திரையும் வாங்கிக்கொண்டு, தன் மருமகளைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனாள். மேனேஜர் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துப் புல்லரித்துப் போனார். முதலாளியிடம் விஷயம் போனது. "நான் அப்பவே நினைச்சேன்," என்றார் அவர், சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி. மாடிக்கு மாடி ஸ்டூல் இறங்கியது. வாடிக்கையாளரின் மன அமைதிக்காக என்று புதுப் போஸ்டரும் வந்தது. இதற்கும் நல்ல காகிதம்தான்.

மாசக் கடைசியில் மின்னலின் விஷயம் வந்தது.

"குணமாயிட்டாங்கன்னு எழுதிருங்க மேடம்," என்றார் மேனேஜர் உற்சாகமாக.

"குணமாகலை சார்."

"என்னது?"

"குணமாகணும்னா முன்னாடி நோய் இருந்திருக்கணும். அவங்களுக்கு எதுவும் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. அப்படித்தான் எழுதுவேன்."

"அப்ப நம்ம திட்டத்துக்கு என்ன மேடம் மரியாதை?"

"வாடிக்கையாளருக்குக் குணமாயிருக்கே சார். அது பெரிய மரியாதை இல்லையா?"

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளரைவிடப் பெரிய நோயாளி யார் இருக்க முடியும்? ஒத்துக்கொண்டார். மின்னலின் வேலை தங்கியது.

நீல அறைக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன. ஆட்களும் வந்தார்கள். யாரும் தூங்கவில்லை. மெத்தை உறைக்காரர் வந்து, கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, லீவு கேட்டால் கொக்கு என்ன பாஷையில் திட்டுகிறார் என்பதை நடித்துக் காட்டினார். துண்டுப் பிரிவுப் பெண் கழிப்பறைக்குப் போக எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். எதுவுமே சின்ன வயசில் நடந்தது இல்லை. எல்லாம் போன வாரம் நடந்தது. முடிவில் கவுன்சலர் அவர்களைக் கண்ணை மூடச் சொல்லவில்லை. "இதை யார்கிட்ட, எப்படிச் சொன்னா நடக்கும்?" என்று கேட்டாள். கொக்குகூட ஒருநாள் கதவை லேசாகத் திறந்து, "மாடிக் கண்காணிப்பாளர் நின்னுகிட்டே இருந்தாலும் வாடிக்கையாளருக்குப் படபடப்பு வருமா மேடம்?" என்று விசாரித்தார். கண்டிப்பாக வரும் என்றாள்.

வேறு கடையில் இதே தொல்லை இருந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சண்டை வரும். உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேராகக் கண் வருகிற உயரம் இருக்க வேண்டும். காலை ஊன்ற கீழே ஒரு கட்டை வேண்டும். வேண்டாதபோது கவுண்டருக்கு அடியில் தள்ளிவிட முடிய வேண்டும். ஆள் இல்லாதபோதும் உட்காரலாம், ஆள் இருக்கும்போதும் உட்காரலாம். உட்கார யாரிடமும் எதுவும் எழுதி வாங்கிவர வேண்டியதில்லை.